பழைய ஜப்பானியக் காருக்கு 10 மி.மீ. ஸ்பேனர் ஒன்று போதுமா?

கேள்வி, ஜனவரி 4

1993-இல் தயாரான 1600 சிசி கொரோலா ஒன்று என்னிடம் இருக்கிறது. காலையில் முதல் முறை ஸ்டார்ட் ஆக மறுக்கிறது. பெட்ரோலை முன்பைவிட அதிகமாகக் குடிக்கிறது. மீட்டர் பலகையில் எஞ்சின் விளக்கு அவ்வப்போது எரிந்து அணைகிறது. “பழைய ஜப்பானியக் காருக்கு ஒரு 10 மி.மீ. ஸ்பேனரும் கொஞ்சம் பொறுமையும் போதும், பட்டறைப் பக்கமே போக வேண்டியதில்லை” என்று பலர் எழுதுகிறார்கள். எனக்குத் தொழிற்பயிற்சி எதுவும் கிடையாது. இது உண்மையா?

பதில், ஜனவரி 4, இரவு

பாதி உண்மை. 10 மி.மீ. என்பது வெறும் வேடிக்கைப் பேச்சு அல்ல. அதற்குப் பின்னால் ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஜப்பானியக் கார்களில் 6 மி.மீ. தடிமனுள்ள போல்டின் தலை 10 மி.மீ. இருக்கும், 8-க்கு 12, 10-க்கு 14, 12-க்கு 17 என்று பெரும்பாலும் இதே வரிசையில் போகும். ஐரோப்பிய வண்டியில் அதே 8 மி.மீ. போல்டுக்கு 13 மி.மீ. தலை வைத்திருப்பார்கள். ஆகவே பொதுவான ஸ்பேனர் பெட்டி ஒன்றை வாங்கினால், அதிலுள்ள 13 பல ஆண்டுகளுக்குப் புதிதாகவே கிடக்கும். 10, 12, 14 மூன்றும் தேய்ந்தும் தொலைந்தும் மறுபடி மறுபடி வாங்கப்படும். என்னிடம் 13 இரண்டு இருக்கின்றன. 10 எத்தனை முறை வாங்கினேன் என்பதை வீட்டில் இதுவரை சொல்லவில்லை.

8, 10, 12, 14, 17, 19, 21 ஆகிய ஏழு அளவுகளில் சாக்கெட்டும் ரிங் ஸ்பேனரும் இருந்தால் வண்டியின் பெரும்பகுதியைக் கழற்றிவிடலாம். ஆனால் தலை பொருந்துகிறது என்பதற்காக மரையும் பொருந்தும் என்று நினைக்க வேண்டாம். பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்நேட்டரைத் தாங்கும் பிராக்கெட்டின் 10 மி.மீ. தடிமனுள்ள போல்ட் ஒன்று தொலைந்தபோது, இரும்புச் சாமான் கடையில் கிடைத்த அதே தடிமன் போல்டைக் கொண்டுவந்து போட்டேன். இரண்டு சுற்று போனது, பிறகு இறுகியது, நான் ஸ்பேனரை எடுத்தேன். பிராக்கெட்டில் இருந்தது 1.25 மி.மீ. இடைவெளி கொண்ட மரை, நான் வாங்கியது 1.5. மீதியை விவரிக்க வேண்டியதில்லை. அன்றிலிருந்து எந்த போல்டையும் முதல் நான்கைந்து சுற்று கையாலேயே திருகுகிறேன். விரலுக்கு அடங்காததை ஸ்பேனருக்குக் கொடுப்பதில்லை. மரை கழன்றவன் என்று யாரையாவது திட்டும்போதெல்லாம் எனக்கு அந்த பிராக்கெட் நினைவுக்கு வருகிறது.

ஜனவரி 5

திருகுகளைப் பற்றி எழுத மறந்துவிட்டேன். கூட்டல் குறி போன்ற பள்ளம் உள்ள எல்லாத் திருகும் ஒன்றல்ல. ஜப்பானியத் தரநிலையான ஜேஐஎஸ் திருகின் பள்ளம், பிலிப்ஸ் திருப்புளியின் நுனியோடு முழுதாகப் பொருந்தாது. நுனி அடிவரை இறங்காமல், அழுத்தம் கூடக்கூட மேலே நழுவி, பள்ளத்தின் ஓரங்களைத் தின்றுவிடும். தலையில் ஒரு சிறு புள்ளி இருந்தால் அது பெரும்பாலும் ஜேஐஎஸ் திருகு. கார்புரேட்டர் மூடியிலும் கதவுத் தாழ்ப்பாளிலும் திருகு சிதைந்தால் நாம் துருவைக் குறை சொல்கிறோம். பாதி நேரம் குற்றவாளி நம் கையிலுள்ள திருப்புளிதான்.

ஜனவரி 9

“ஜப்பான் வண்டி கெடாது” என்று மேலே ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். கெடும். ஆனால் எது கெடுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். முப்பது வயதான வண்டியில் பிஸ்டனோ கிராங்கோ தேய்ந்து நின்றதை நான் அதிகம் பார்த்ததில்லை. நின்றவை எல்லாம் ரப்பர், மின்பலகைகளின் ஈயப்பற்று, மின்தேக்கி, எர்த் கம்பி ஆகியவற்றால் நின்றவை. இவை ஓடிய தூரத்தால் கெடுவதில்லை, வயதால் கெடுகின்றன. ஷெட்டில் பத்திரமாக நிறுத்திவைத்த வண்டியிலும் கெடும். சர்வீஸ் புத்தகம் 10,000, 20,000 என்று கிலோமீட்டர் கணக்கில் பேசுகிறது. அந்தப் புத்தகம் எழுதப்பட்டது முதல் பத்தாண்டுகளுக்கு. நாம் வாழ்வது நான்காவது பத்தாண்டில்.

வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் ஓடவைக்கும் பல்பட்டையான டைமிங் பெல்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1,00,000 கி.மீ. என்று எழுதியிருப்பார்கள், 40,000 மட்டுமே ஓடிய பெல்டும் பதினைந்து வயதானால் பல்லின் அடியில் வெடித்திருக்கும். கேட்டவரின் வண்டியில் 4ஏ-எஃப்இ எஞ்சின் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். அதில் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்வதில்லை, வண்டி நடுவழியில் நிற்பதோடு சரி. இதைக் கேட்டுவிட்டு அதே காலத்து ஹோண்டா வைத்திருப்பவர் நிம்மதி அடையக் கூடாது. ஹோண்டாவின் டி, பி வரிசை எஞ்சின்களில் பெல்ட் அறுந்தால் வால்வுகள் வளையும், சிலிண்டர் ஹெட்டை இறக்க வேண்டியிருக்கும். “ஜப்பான் வண்டி” என்று மொத்தமாகப் பேசுவதில் உள்ள ஆபத்து இதுதான்.

மின்தேக்கி என்று சொன்னதற்கு ஒரு விளக்கம். 1980-களின் இறுதியிலும் 90-களின் தொடக்கத்திலும் வந்த பல கட்டுப்பாட்டுக் கணினிகளில் உருளை வடிவ மின்தேக்கிகள் வயதாகி உள்ளிருக்கும் திரவத்தைக் கசியவிடுகின்றன. அந்தத் திரவம் பலகையின் செப்புக் கோடுகளை அரித்துவிடும். மூடியைத் திறந்தவுடன் கெட்ட மீனின் வாடை வந்தால், கண்ணால் பார்ப்பதற்கு முன்பே மூக்கு தீர்ப்புச் சொல்லிவிட்டது என்று கொள்ளலாம்.

ஜனவரி 10

என்னுடைய வண்டி எந்த நிறுவனத்துடையது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். சொல்லப்போவதில்லை, சொன்னால் இந்த உரையாடல் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். 1992, நான்கு சிலிண்டர், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் உள்ளது. இது போதும்.

ஜனவரி 16

அந்த வண்டியைப் பற்றித்தான் இன்று எழுத வேண்டும், ஏனென்றால் பழுது பார்ப்பதில் எப்படி நடந்துகொள்ளக் கூடாது என்பதற்கு நான் ஓராண்டு முழுவதும் எடுத்துக்காட்டாக வாழ்ந்தேன். காலையில் ஒரு தொடுதலில் ஸ்டார்ட் ஆகும். வெயிலில் அரை மணி நேரம் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தால் ஸ்டார்ட்டர் சுழலும், எஞ்சின் பிடிக்காது. கதவைத் திறந்துவைத்துக் கால் மணி நேரம் காத்திருந்தால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும்.

பிளக் என்று ஒருவர் சொன்னார், நான்கையும் மாற்றினேன். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியும் ரோட்டரும் என்றார் இன்னொருவர், மாற்றினேன். பெட்ரோல் வடிகட்டியை நானாகவே முடிவுசெய்து மாற்றினேன். ஒவ்வொரு முறையும் இரண்டு வாரம் பிரச்சினை வராது. உடனே நோயைக் கண்டுபிடித்துவிட்டதாக எல்லோரிடமும் சொல்லிவிடுவேன். பிரச்சினை வராததற்குக் காரணம் அந்த இரண்டு வாரம் மேகமூட்டமாக இருந்ததுதான் என்பது மிகவும் பின்னால் புரிந்தது. கடைசியில், பிளக்குகளுக்கு உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயிலை மாற்றினேன். அது மாற்றி இப்போது ஒரு மாதம் ஆகிறது. காயில்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்கிறேன்.

ஜனவரி 29

கேள்வி கேட்டவர் இப்போதுதான் ஒரு முக்கியமான செய்தியைச் சேர்த்திருக்கிறார்: சென்ற கோடையில் ரேடியேட்டர் வேலைக்கு விட்டபோது, “இந்த வெயிலுக்கு இது தேவையில்லை” என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசிவிட்டார்களாம். பெட்ரோல் ஏன் அதிகம் போகிறது என்பதற்கு இனி வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

தெர்மோஸ்டாட்டைத் தண்ணீர் ஓட்டத்துக்குக் குறுக்கே நிற்கும் தடை என்று நினைப்பவர்கள் பட்டறையிலும் இருக்கிறார்கள். அது சுமார் 82 டிகிரி செல்சியஸில் திறக்கத் தொடங்கி, எஞ்சினை அந்த வெப்பத்துக்கு அருகிலேயே வைத்திருக்கிறது. அது இல்லாவிட்டால் எஞ்சின் வேண்டிய சூட்டை அடைய வெகுநேரம் ஆகும், சில சமயம் அடையவே அடையாது. கணினிக்குத் தெரிவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டின் வெப்பம் மட்டுமே. எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று எண்ணி அது பெட்ரோலைத் தாராளமாகவே ஊற்றிக்கொண்டிருக்கும்.

இன்னொன்றும் உண்டு, இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. பல ஜப்பானிய எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டின் அடியில் ஒரு தட்டு இருக்கும். தெர்மோஸ்டாட் திறக்கும்போது அந்தத் தட்டு கீழே இறங்கி, ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிவரும் குறுக்குவழியை அடைக்கும். தெர்மோஸ்டாட்டையே எடுத்துவிட்டால் அந்தக் குறுக்குவழி எப்போதும் திறந்தே கிடக்கும். கூலண்டில் ஒரு பங்கு ரேடியேட்டரின் முகத்தையே பார்க்காது. ஆகவே ஏற்றத்தில் சூடேறாமல் இருப்பதற்காகக் கழற்றியவர், கழற்றியதாலேயே ஏற்றத்தில் சூடேறித் தவிக்க இடமுண்டு.

பிப்ரவரி 8

ஜனவரி 16 அன்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். காயில் அல்ல. நேற்று மதியம் வெயிலில் வண்டி மறுபடி நின்றுவிட்டது.

இந்த முறை கோபத்தில் எதையும் வாங்கவில்லை, உட்கார்ந்து கேட்டேன். என் வண்டியில் சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும் பின் இருக்கைக்கு அடியிலிருந்து இரண்டு விநாடி “ம்ம்ம்” என்று பெட்ரோல் பம்ப் முனகும். பத்து ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்ததால் அந்த ஒலி காதில் விழுவதே நின்றுபோயிருந்தது. நேற்று அது வரவில்லை. டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு, பம்புக்கு மின்சாரம் தரும் தானியங்கி சுவிட்சான ரிலேயைத் திருப்புளியின் கைப்பிடியால் ஒரு தட்டு தட்டினேன். முனகல் வந்தது, வண்டியும் பிடித்தது.

வீட்டுக்கு வந்து ரிலேயைப் பிரித்தேன். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய பெட்டி, உள்ளே ஒரு சிறு பலகை. வெறும் கண்ணுக்கு எல்லா ஈயப்பற்றும் சரியாகவே தெரிந்தன. பூதக்கண்ணாடியை வைத்து, விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தபோதுதான், கனமான ஒரு கால் பலகையைத் துளைத்து வரும் இடத்தில், அதைச் சுற்றி மயிரிழை அளவுக்கு ஒரு கறுப்பு வளையம் தெரிந்தது. விரல் நகத்தால் காலை அசைத்தால் அந்த வளையத்துக்குள் அது தனியாக அசைந்தது, சுற்றியிருந்த ஈயம் அசையவில்லை. டேஷ்போர்டு சூடாகும்போது உலோகமும் பலகையும் வெவ்வேறு அளவில் விரிகின்றன, அந்த விரிசல் திறந்துகொள்கிறது. குளிர்ந்தால் மறுபடி ஒட்டிக்கொள்கிறது. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இதற்காக மாற்றிய நல்ல பிளக்கும் நல்ல மூடியும் நல்ல ரோட்டரும் நல்ல காயிலும் ஓர் அட்டைப்பெட்டியில் இருக்கின்றன. அந்தப் பெட்டியின்மேல் “கல்விக் கட்டணம்” என்று எழுதி வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 9

ஒரு திருத்தம், இல்லாவிட்டால் கேள்வி கேட்டவர் நாளை பயந்துவிடுவார். பம்பின் முனகல் எல்லா வண்டியிலும் வராது. அக்காலத்து டொயோட்டாக்கள் பலவற்றில் சாவியை ஆன் செய்ததும் பம்ப் ஓடாது, எஞ்சின் சுழலும்போதுதான் ஓடும். அங்கே மௌனம் பழுதல்ல. அவற்றில் பம்பைத் தனியாக ஓட்டிப் பார்க்க, எஞ்சின் அறையிலுள்ள சோதனைப் பெட்டியில் +பி, எஃப்பி என்ற இரண்டு துளைகளை ஒரு கம்பியால் இணைக்கும் வசதி உண்டு. துளைகளின் பெயர் அந்தப் பெட்டி மூடியின் உட்புறத்தில் அச்சிடப்பட்டிருக்கும்; மனப்பாடத்தை நம்பிக் கம்பியைச் செருக வேண்டாம்.

பிப்ரவரி 21

பாகங்கள் கிடைக்குமா என்ற கேள்விக்கு. கிடைக்கும், ஆனால் கடைக்காரரிடம் வண்டியின் பெயரைச் சொல்வதை விட்டுவிட்டு எண்ணைச் சொல்லப் பழகுங்கள். இந்த வண்டிகளைப் பராமரிப்பதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமே இந்த எண் ஒழுங்குதான்.

டொயோட்டாவின் பாக எண் ஐந்தும் ஐந்துமாகப் பத்து இடங்கள் கொண்டது. முதல் ஐந்து அது என்ன பொருள் என்று சொல்கிறது: 16100 தண்ணீர் பம்ப், 13568 டைமிங் பெல்ட், 48510 முன் வலது ஷாக் அப்சார்பர், 48520 முன் இடது. எந்த வண்டிக்கு என்பதைப் பின் ஐந்து சொல்லும். எஞ்சின் பெயரிலும் இப்படியே இலக்கணம் இருக்கிறது. 4ஏ-எஃப்இ என்றால் ஏ குடும்பத்தின் நான்காவது எஞ்சின். எஃப் என்பது சிக்கனத்துக்காக வால்வுகளைக் குறுகிய கோணத்தில் வைத்த இரட்டை கேம் ஹெட், ஜி என்றால் வேகத்துக்காக அகன்ற கோணம். இ என்பது மின்னணு பெட்ரோல் தெளிப்பு. டி வந்தால் டர்போ. ஜப்பானிய உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்த வண்டியில் 17 எழுத்து அடையாள எண்ணைத் தேடி அலைய வேண்டாம். அதில் இருப்பது ஏஇ101 போன்ற மாதிரிக் குறியும் அதன் பின்னால் ஒரு வரிசை எண்ணும் மட்டுமே.

பேரிங்குகளில் இது இன்னும் இனிமையானது. சென்ற ஆண்டு என் ஆல்டர்நேட்டர் விசில் அடிக்கத் தொடங்கியது. முழு ஆல்டர்நேட்டரையும் மாற்றச் சொன்னார்கள். பிரித்துப் பார்த்தால் முன் பேரிங்கின் ஓரத்தில் 6303 என்று பொறித்திருந்தது. அது எந்தக் கார் நிறுவனத்துக்கும் சொந்தமான எண் அல்ல. உலகெங்கும் 17 மி.மீ. உள்விட்டம், 47 மி.மீ. வெளிவிட்டம், 14 மி.மீ. அகலம் என்றே பொருள். 6203 என்றால் அதே 17 உள்விட்டம், வெளியே 40, அகலம் 12. தண்ணீர் மோட்டாருக்குப் பேரிங் விற்பவரிடமே கிடைத்துவிட்டது.

பிளக்கில் மட்டும் ஓர் எச்சரிக்கை. என்ஜிகே நிறுவனத்தின் பிகேஆர்5இ பிளக்கில் உள்ள 5 வெப்பத் தரம். எண் ஏறினால் பிளக் “குளிர்ந்தது”, அதாவது சூட்டை விரைவாகக் கடத்திவிடும். இன்னொரு பிளக் நிறுவனமான டென்சோவில் அதே தரத்தை 16 என்பார்கள், என்ஜிகே 6-க்கு டென்சோ 20. பெரிய எண் என்றால் அதிக சக்தி என்று நினைத்து நகர ஓட்டத்துக்கு 7 போட்டவரின் பிளக்கை நான் பார்த்திருக்கிறேன். விளக்குத் திரிபோலக் கரி பிடித்திருந்தது.

உபயோகித்த பாகங்கள் இவ்வளவு கிடைப்பதற்கு ஜப்பானின் சட்டமும் ஒரு காரணம். அங்கே புதுக் காருக்கு மூன்றாம் ஆண்டிலும் பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும் கட்டாயச் சோதனை உண்டு. பதின்மூன்று வயதைத் தாண்டிய பெட்ரோல் காருக்கு வரியும் கூடுகிறது. நன்றாக ஓடும் வண்டியைக்கூட அங்குள்ளவர் கைவிடுவார், அதன் எஞ்சின் கப்பலேறி வேறொருவரின் ஷெட்டுக்கு வந்து சேரும்.

மார்ச் 2

முதல் குறிப்பில் “பெரும்பாலும் இதே வரிசையில் போகும்” என்று எழுதியதை ஒருவர் சக்கர நட்டுக்கும் நீட்டித்துவிட்டார். கூடாது. டொயோட்டா, ஹோண்டா, மாஸ்டா சக்கர போல்ட் 12 மி.மீ., மரை இடைவெளி 1.5. நிசான், சுசுகி, சுபாரு அதே 12 மி.மீ., ஆனால் இடைவெளி 1.25. தலையோ டொயோட்டாவிலும் நிசானிலும் 21, ஹோண்டாவிலும் சுசுகியிலும் 19. ஒரே ஷெட்டில் இரண்டு வண்டி வைத்திருப்பவர் நட்டுகளை ஒரே டப்பாவில் போடுவது எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை. என் பிராக்கெட் கதையாவது ஆல்டர்நேட்டரோடு முடிந்தது.

எஞ்சினின் முதன்மைத் தண்டு முனையிலுள்ள கிராங்க் கப்பியின் போல்டைக் கழற்ற, அதில் மாட்டிய நீண்ட ஸ்பேனர் பாரைத் தரையில் முட்டுக் கொடுத்துவிட்டு ஸ்டார்ட்டரை ஒரு கணம் சுழற்றும் தந்திரத்தையும் அவர் பரிந்துரைத்திருக்கிறார். பார் நழுவினால் என்ன ஆகும் என்பதை விட்டுவிடுவோம். அந்தத் தந்திரம் வேலை செய்வதே எஞ்சின் வலப்புறமாகச் சுழல்வதால்தான். 80, 90-களின் பெரும்பாலான ஹோண்டா எஞ்சின்கள் இடப்புறமாகச் சுழல்பவை. அங்கே அதே தந்திரம் போல்டை இன்னும் இறுக்கும். ஹோண்டாக் கப்பியின் நடுவில் 50 மி.மீ. அறுகோணக் குழி இருப்பது, அதைப் பிடித்துக்கொள்ளும் கருவிக்காகத்தான்.

மார்ச் 13

பின் பிரேக் டிரம் வரவில்லை, சுத்தியலால் அடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அடி மேல் அடி வைத்தால் அம்மி நகரும். வார்ப்பிரும்பு டிரம் உடையும். டிரம்மின் முகத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள். எதற்கென்றே தெரியாத இரண்டு மரைத் துளைகள் எதிரெதிரே தெரியும். அவற்றில் 1.25 இடைவெளி கொண்ட 8 மி.மீ. போல்டுகள் இரண்டைப் போட்டு, கைப்பிரேக்கை விடுவித்துவிட்டு, இங்கே கால் சுற்று, அங்கே கால் சுற்று என்று மாறி மாறித் திருக வேண்டும். முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு “டக்” என்று ஒரு சத்தம் கேட்கும், ஹப்புக்கும் டிரம்முக்கும் இடையிலிருந்து செம்மண் போலத் துருத்தூள் கொட்டும், டிரம் ஒரு மில்லிமீட்டர் வெளியே வந்திருக்கும். அந்த 12 மி.மீ. தலை போல்டுகள் இரண்டையும் நான் கருவிப்பெட்டியிலேயே வைத்திருக்கிறேன்.

பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். டாட் 3 என்ற தரத்துத் திரவத்துக்குப் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி கொதிநிலை இருக்க வேண்டும், ஈரம் ஏறிய பிறகு தேவைப்படும் அளவோ 140 மட்டுமே. ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள். ஆனால் முதன்முறை பிரேக் வேலை செய்யும்போது பக்கத்தில் தெரிந்தவர் ஒருவர் இருக்கட்டும், ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள், ஸ்டாண்டு போடுங்கள். சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கை அமுக்கிக் கழற்றும் வேலையை நான் இன்றும் பட்டறைக்குத்தான் கொடுக்கிறேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

ஏப்ரல் 6

பிப்ரவரி 8 அன்று எழுதியது தவறல்ல, ஆனால் முழுமையும் அல்ல. வெயில் ஏறியதும் என் வண்டி மறுபடி முரண்டு பிடிக்கிறது. இந்த முறை பம்ப் முனகுகிறது, ஸ்டார்ட்டர்தான் தூக்கத்திலிருப்பவர்போல மெதுவாகச் சுழல்கிறது. பேட்டரி என்று எல்லோரும் சொன்னார்கள். அட்டைப்பெட்டியைப் பார்த்தேன், கடைக்குப் போகவில்லை.

மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் கம்பத்திலும் இன்னொன்றை எஞ்சினின் சுத்தமான உலோகத்திலும் வைத்துக்கொண்டு, மனைவியைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். இந்த இரண்டுக்கும் இடையில் ஒரு கம்பிதான் இருக்கிறது. ஸ்டார்ட்டர் சுழலும்போது 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. 1.1 காட்டியது. அந்த எர்த் கேபிளைக் கழற்றி, முனை வளையமான லக் அமுக்கப்பட்ட இடத்தில் உறையை இரண்டு அங்குலம் கீறினேன். உள்ளே செம்பு இல்லை, பச்சைப் பொடிதான் இருந்தது. இழைகளில் பாதி விரலோடு வந்துவிட்டன. வெளியே உறை புதிதுபோலப் பளபளத்துக்கொண்டிருந்தது. புதுக் கேபிள் போட்டதும் 0.1. முன்பும் இதுவே ஒரு பங்குக் காரணமாக இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. ரிலேயின் விரிசல் என் கண்ணால் பார்த்தது, ஆகவே அதை மறுக்கவில்லை. இரண்டு நோய் ஒரே வண்டியில் இருக்கலாம் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை என்பதுதான் தவறு.

ஏப்ரல் 7

ஆமாம், அந்த எர்த் கேபிளை எஞ்சினோடு பிடித்திருந்தது 10 மி.மீ. தலை போல்ட்தான். கேட்டவருக்கு மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் முதலில் எதை வாங்குவது என்று இன்று கேட்டால் மல்டிமீட்டர் என்றே சொல்வேன். ஸ்பேனர் எதைக் கழற்றலாம் என்று மட்டும் காட்டுகிறது.

ஏப்ரல் 19

கேள்வி கேட்டவர் கடைசியில் துணிந்து சோதனைப் பெட்டியைத் திறந்திருக்கிறார். மற்றவர்களுக்காக முறையை எழுதிவிடுகிறேன். டிஇ1, இ1 என்ற இரண்டு துளைகளை ஒரு சிறு கம்பியால் இணைத்து, எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்தால், எஞ்சின் விளக்கு கண் சிமிட்டத் தொடங்கும். விட்டுவிடாமல் ஒரே சீராகச் சிமிட்டினால் கணினியின் நினைவில் பழுது எதுவும் இல்லை. அவருக்கு இரண்டு சிமிட்டல், ஓர் இடைவெளி, மறுபடி இரண்டு சிமிட்டல் வந்திருக்கிறது. அது 22, கூலண்ட் வெப்ப உணரியின் குறி.

உடனே உணரியை வாங்கப் புறப்பட்டிருக்கிறார். நில்லுங்கள். 22 என்பது உணரி கெட்டது என்று சொல்லவில்லை. உணரியிலிருந்து கணினி வரை உள்ள பாதையில் வருகிற அளவு நம்பும்படி இல்லை என்று மட்டுமே சொல்கிறது. அப்படி நேரும்போது கணினி உண்மையான வெப்பத்தை விட்டுவிட்டு, எஞ்சின் சூடாகவே இருக்கிறது என்று தானாக ஓர் அளவை எடுத்துக்கொள்ளும். காலையில் குளிர்ந்த எஞ்சினுக்குத் தேவையான கூடுதல் பெட்ரோல் அதனால் கிடைக்காமல் போகும். நீங்கள் முதல் நாள் எழுதிய ஸ்டார்ட்டிங் தொல்லை இங்கிருந்து வந்திருக்க வேண்டும். இணைப்பைக் கழற்றி உணரியின் இரு முனைகளுக்கிடையே மின்தடையை அளந்து பாருங்கள். 20 டிகிரியில் 2,000 முதல் 3,000 ஓம், 80 டிகிரியில் 200 முதல் 400 ஓம் வந்தால் உணரி நலமாக இருக்கிறது.

ஏப்ரல் 27

குளிர்ந்த எஞ்சினில் 2,300 ஓம் என்று எழுதியிருக்கிறீர்கள். உணரியை வாங்காதது நல்லதாயிற்று. நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இணைப்பின் பூட்டுத் தாழ் உடைந்திருக்கிறது, இடது பக்க முனை பிளாஸ்டிக்குக்குள் ஒரு மூன்று மில்லிமீட்டர் பின்வாங்கியிருக்கிறது. ரேடியேட்டர் வேலையின்போது யாரோ தாழை அமுக்காமல் கம்பியைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். முனையின் நாக்கை ஊசியால் சற்றே நிமிர்த்தி, பின்பக்கமிருந்து தள்ளினால் “டிக்” என்று உட்காரும். அதன் பிறகு கம்பியை மெதுவாக இழுத்தால் வரக் கூடாது. இஎஃப்ஐ என்று எழுதிய 15 ஆம்பியர் ஃபியூஸைப் பத்து விநாடிக்குமேல் கழற்றி வைத்தால் பழைய குறி அழிந்துவிடும்; மறுபடி 22 வருகிறதா என்று ஒரு வாரம் பாருங்கள்.

தெர்மோஸ்டாட் வாங்கிவிட்டதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். அதன் தட்டில் ஓர் ஓரமாக, ஆட்டினால் கிலுகிலுக்கும் சிறு பித்தளை ஊசி ஒன்று தொங்கும். கூலண்ட் ஊற்றும்போது காற்று வெளியேற அதுதான் வழி. பொருத்தும்போது அந்த ஊசி மேல்பக்கமாக வரட்டும்.